தொட்டிச் செடிக்கு என்ன ஆச்சு? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுச் செடி தலையைத் தொங்கப்போட்டாலும் பெரும்பாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான்க்கா இருந்துச்சு, திடீர்னு இப்படி ஆயிடுச்சு" என்றுதான் பேச்சு தொடங்கும். போய்ப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே சில காரணங்கள்தான். அவற்றைக் கண்ணில் படும் அறிகுறியின்படி இங்கே பிரித்து எழுதியிருக்கிறேன். கறிவேப்பிலை, துளசி, செம்பருத்தி, மல்லி, ரோஜா, மணி பிளான்ட் ஆகியவைதான் நான் அதிகம் பார்ப்பவை. சென்னை வெயிலையும் சென்னைத் தண்ணீரையும் மனதில் வைத்து எழுதியது இது.

ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசு செலவாகாத காரணம் முதலில் வரும், செலவும் சிரமமும் உள்ளது கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்: காரணம் தெரியும்வரை உரம் போடாதீர்கள், மருந்து அடிக்காதீர்கள். வேர் வேலை செய்யாத செடிக்குப் போடும் உரம் மண்ணிலேயே தங்கி, இருக்கிற வேரையும் சுட்டுவிடும். நோயால் போன செடிகளைவிட, பதறிப்போய்ச் செய்த வைத்தியத்தால் போன செடிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

தொட்டியைச் சற்றே தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய அன்று எவ்வளவு கனம், காய்ந்த பிறகு எவ்வளவு கனம் என்று கைக்குப் பழகிவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். தூக்க முடியாத தொட்டி என்றால் ஒரு தென்னை ஈர்க்குச்சியை அடிவரை செருகி, இரண்டு நிமிடம் விட்டு உருவுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த மண் மேலே உமி மாதிரி காய்ந்து கிடக்கும், நான்கு விரல் கீழே சொதசொதவென்று இருக்கும்.

அடுத்து, தொட்டியின் அடித்துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பூச்சிகளில் பெரும்பாலானவை குடியிருப்பது அங்கேதான். கடைசியாக, கோளாறு அடி இலையில் தொடங்கியதா நுனித் துளிரில் தொடங்கியதா என்று கவனியுங்கள். பல இடங்களில் வழி பிரிவதே இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

கடந்த இரண்டு வாரத்தில் என்ன மாறியது என்றும் யோசித்துப் பாருங்கள். இடம் மாற்றினீர்களா? மெட்ரோ வாட்டர் நின்று போர் தண்ணீர் வர ஆரம்பித்ததா? யாராவது "சத்துக்கு" என்று எதையாவது கொட்டினார்களா?

## செடி வாடித் தொங்குகிறது

### மண் காய்ந்திருக்கிறது

தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்திலேயே அடித்துளை வழியாக ஓடிவிடுகிறது, செடியும் நிமிரவில்லை என்றால் மண் ஒரேயடியாகக் காய்ந்து, சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம். இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும், வேர் நனையாது. வாளியில் தண்ணீர் நிரப்பித் தொட்டியை அப்படியே அரை மணி நேரம் உள்ளே வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள்.

நர்சரியில் வாங்கிய புதுச் செடி இப்படி வாடினால், வேரைச் சுற்றியுள்ள களிமண் உருண்டையைச் சந்தேகப்படுங்கள். கெட்டியான மண்ணில் வளர்த்த செடியை அந்த உருண்டையோடு அப்படியே நம் இளகிய கலவையில் வைத்துவிடுகிறோம். சுற்றியுள்ள மண் நனையும், உருண்டைக்குள் தண்ணீர் போகாது. ஈர்க்குச்சியைத் தண்டுக்குப் பக்கத்திலேயே செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். செடியை எடுத்து, உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறுபடாமல் பாதி மண்ணைக் கரைத்துவிட்டு மறுபடி நடுங்கள். நட்டபின் ஒரு வாரம் நிழல்.

### மதியம் வாடுகிறது, சாயங்காலம் நிமிர்கிறது

மே மாதக் கத்திரி வெயிலில் இது நோயே இல்லை. வேர் உறிஞ்சுவதைவிட இலை அதிகமாக வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். மதியம் வாடியதைப் பார்த்து மனசு கேட்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள். மொட்டை மாடிக் குழாயில் அந்த நேரத்தில் வருவது சுடுதண்ணீர். காலை எட்டு மணிக்குள் ஊற்றிவிடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி என்றால் மேலே ஒரு சாக்கைச் சுற்றுங்கள், தளத்தில் நேரே வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ மூடாக்காகப் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். இதற்கும் மேல் தேவைப்பட்டால்தான் நிழல்வலைக்குச் செலவு செய்ய வேண்டும். ஐம்பது சதவீத நிழல் தருவது போதும்.

### மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், செடி இன்னும் வாடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு என்னிடம் வரும் செடிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

தொட்டி தரையோடு ஒட்டியிருந்தால் துளை அடைபட்டிருக்கும். சாய்த்து, ஒரு கம்பியாலோ ஸ்க்ரூடிரைவராலோ துளையைக் குத்தித் திறந்துவிடுங்கள். கீழே தட்டு வைத்திருந்தால் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். தண்ணீர் வடிந்த மூன்று நான்கு நாளில் செடி தேறினால் வேலை முடிந்தது.

தேறவில்லையா? செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்க்க வேண்டும். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பை ஒரு தட்டுத் தட்டினால் மண்ணோடு வந்துவிடும். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மரநிறத்திலோ விறைப்பாக இருக்கும், மண்ணில் மழை வாசம் வரும். அழுகிய வேர் கறுத்து, சாக்கடை நாற்றம் அடிக்கும். விரலால் இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வரும், நடுநரம்பு மட்டும் நூலாக மிஞ்சும். இதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், வேரழுகல்தான்.

பாதிக்கு மேல் நல்ல வேர் இருந்தால் காப்பாற்றலாம். அழுகியதைக் கத்தரியால் வெட்டி எறியுங்கள், வேர் குறைந்த அளவுக்குக் கிளையையும் இலையையும் குறையுங்கள். பழைய மண்ணைத் தவிர்த்து, மணல் கூடுதலாகக் கலந்த புது மண்ணில் நடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி அல்லது சூடோமோனாஸ் பொடி உரக்கடையில் கிடைக்கும். ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் கரைத்து வேரில் ஊற்றலாம். இவை உயிருள்ள நுண்ணுயிர்கள், அதனால் ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்துக் கொடுத்தால் வீண். வேர் முழுக்கப் போயிருந்தால், மேலே பச்சை இருக்கும்போதே நுனித்துண்டு வெட்டி நட்டுவிடுங்கள். மணி பிளான்ட், செம்பருத்தி, துளசி மூன்றும் அப்படிப் பிழைத்துக்கொள்ளும்.

வேர் அழுகவில்லை, ஆனால் குறைந்துபோயிருக்கிறது, செடியை அசைத்தால் ஆடுகிறது என்றால் மண்ணைக் கிளறுங்கள். ஆங்கில எழுத்து 'சி' போல வளைந்த, தலை மட்டும் பழுப்பான கொழுத்த வெள்ளைப் புழு கிடைக்கும். மக்காத மாட்டுச் சாணம் போட்ட தொட்டிகளில் இது சாதாரணம், வண்டு அதில்தான் முட்டையிடும். கையால் பொறுக்கி எடுப்பதே நல்ல வழி. ஒரு தொட்டியில் இரண்டு மூன்று இருந்தாலே வேர் முழுக்கத் தின்று தீர்த்துவிடும். புழுவை எடுத்தபின் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைக் கலந்துவிடுங்கள்.

வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. நுண்ணோக்கி இல்லாமல் புழு தெரியாது, முடிச்சு மட்டும்தான் தெரியும். அந்த மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள். பக்கத்துத் தொட்டிகளுக்கும் பரவியிருந்தால் ஆய்வகத்துக்குப் போக வேண்டிய கட்டம் வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

## இலை மஞ்சளாகிறது

### ஒன்றிரண்டு அடி இலை மட்டும்

வயதான இலை. கிள்ளிப் போட்டுவிட்டு விட்டுவிடுங்கள். மார்கழி, தை மாதத்தில் கறிவேப்பிலை மொத்தமாக மஞ்சளாகி உதிர்ந்தாலும் பயப்பட வேண்டாம். குளிரில் அது ஓய்வெடுக்கும், மாசி பங்குனியில் துளிர்க்கும். அந்த நாட்களில் தண்ணீரைக் குறைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதீர்கள். உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள்; தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் போதும்.

### அடி இலைகள் வரிசையாக மஞ்சள், நுனி பச்சை

முதலில் ஈரத்தைச் சோதியுங்கள். மண் எப்போதும் ஈரமாகவே இருந்தால் மேலே சொன்ன வேர்ச் சோதனைக்குத் திரும்புங்கள். வீட்டுக்குள் இருக்கும் மணி பிளான்ட்டும் பாம்புக் கற்றாழையும் மஞ்சளானால் நூற்றுக்குத் தொண்ணூறு தண்ணீர் அதிகமானதுதான் காரணம். பாம்புக் கற்றாழைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினாலே ஏராளம்.

ஈரம் சரியாக இருந்து, இலை முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் தழைச்சத்துக் குறைவு. மண் மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆன தொட்டிகளில் எதிர்பார்க்க வேண்டியதுதான். மேலே இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அல்லது கடலைப் புண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பஞ்சகவ்யா கைவசம் இருந்தால் லிட்டருக்கு முப்பது மில்லி.

### புதுத் துளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச்சத்துக் குறைபாடு. மல்லியிலும் கறிவேப்பிலையிலும் செம்பருத்தியிலும் அடிக்கடி வரும். மண்ணில் இரும்பே இல்லாமல் போவது அபூர்வம். சுண்ணாம்பும் உப்பும் மிகுந்த போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி மண்ணைக் காரமாக்கிவிடுவதால், இருக்கிற இரும்பைச் செடியால் எடுக்க முடிவதில்லை. அதனால் மழை நீருக்கு மாறுவதே செலவில்லாத முதல் வைத்தியம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது, பிடித்து வைத்து ஊற்றலாம்.

உடனே பச்சை திரும்ப வேண்டுமென்றால் ஃபெரஸ் சல்பேட், அதாவது அன்னபேதி உப்பு. ஒரு லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்துச் சாயங்காலம் இலை நனையத் தெளியுங்கள். மாதம் ஒருமுறை, பச்சை திரும்பும்வரை. கரைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், துருநிறமாகிவிட்டால் பயனில்லை. தெளிக்கும்போது சுவரிலும் டைல்ஸிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை போகாது.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் வழக்கம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நன்றாக நீர்த்து, எப்போதாவது ஊற்றினால் கெடுதல் இல்லை. கெட்டியாக ஊற்றினால் மேலே பூஞ்சை படர்ந்து எறும்பு வரும். வேர் அழுகிக்கொண்டிருக்கும் செடிக்கு ஊற்றவே கூடாது.

### மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக, இலை சிறுத்து

வைரஸ் நோயாக இருக்கலாம். வைரஸுக்கு மருந்து கிடையாது. செடியைத் தனியே ஒதுக்கி வையுங்கள். புதிய இலைகளும் அப்படியே வந்தால் வேரோடு எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். அதை வெட்டிய கத்தரியைக் கழுவாமல் வேறு செடியில் வைக்காதீர்கள்.

## இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன

மண் தொட்டியின் வெளிப்புறத்திலோ மண்ணின் மேலோ வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா? உப்பு. கோடையில் போர் தண்ணீரின் உப்பு கூடும்போது இது அதிகமாகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிற வீடுகளில் இதை நிச்சயமாகப் பார்க்கலாம். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம்.

பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று பங்கு ஊற்றி அடிவழியே வடியவிடுங்கள். உப்பு கரைந்து போய்விடும். கழுவாத மலிவு கோகோபீட்டிலும் உப்பு இருக்கும். வாங்கியதும் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலவையில் சேருங்கள்.

உப்பு இல்லை, சமீபத்தில் உரம் போட்டீர்கள் என்றால் அதற்கும் இதே வைத்தியம்தான். வெயில் படும் பக்கத்து இலை மட்டும் வெளுத்துக் கருகினால், நிழலில் இருந்த செடியைத் திடீரென்று வெயிலுக்கு மாற்றியிருப்பீர்கள்.

## வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது

விரலால் தொட்டுப் பாருங்கள், அதிலேயே பிரிந்துவிடும்.

### பஞ்சு மாதிரி பிசுபிசுப்பு, பக்கத்தில் எறும்பு: மாவுப்பூச்சி

செம்பருத்தியின் பரம எதிரி. நுனித் துளிர் கொத்தாகச் சுருண்டு, மொட்டுக் காம்பிலும் கணுவிலும் வெள்ளைப் பஞ்சு அடைந்திருக்கும். நசுக்கினால் கையில் ஈரம் படும். இது கழிக்கும் இனிப்பான திரவத்துக்காக எறும்பு இதைக் காவல் காத்து, செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். அதனால் எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சி போகாது. தொட்டியைச் செங்கல் மேல் வைத்து, செங்கலைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் கொசு வரும். செடியின் கிளை சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே பாலமாகிவிடும்.

சுருண்ட நுனிகளை வெட்டிக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மீதியைக் குழாய் வைத்து, இலைக்கு அடியிலும் கணுவிலும் படும்படி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். கணுவில் ஒளிந்திருப்பதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்து எடுக்கலாம். ஆரம்ப நிலை என்றால் இவ்வளவே போதும்.

மறுபடி வந்தால் வேப்பெண்ணெய்: லிட்டருக்கு ஐந்து மில்லி. எண்ணெய் தண்ணீரில் தானாகக் கலக்காது. சிறிது காதி சோப்புக் கரைசலில் எண்ணெயை முதலில் அடித்து, பால் மாதிரி ஆனபிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். வெயில் தாழ்ந்தபிறகு மட்டுமே அடியுங்கள், முதலில் இரண்டு இலையில் அடித்து ஒருநாள் பாருங்கள். முட்டைப் பைக்குள் மருந்து இறங்காது, அதனால் வாரம் ஒருமுறை குறைந்தது மூன்று வாரம் அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டு "வேப்பெண்ணெய் வேலை செய்யல" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

அடிப்பதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள், அதைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை இழை தொங்க, சுறுசுறுப்பாக ஊர்கிற ஒன்று இருந்தால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிகளே பழுப்பாக உப்பி, முதுகில் ஊசித் துளையோடு காய்ந்திருந்தால் ஒட்டுண்ணிக் குளவி வேலை செய்திருக்கிறது. இரண்டில் எதைப் பார்த்தாலும் மருந்தை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டு, பப்பாளியையும் மல்பெரியையும் செம்பருத்தியையும் சூறையாடிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறிய குளவிதான். கடும் பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது இந்த மாதிரிக் குளவிகள்.

### இலைக்கு அடியில் சுருள் சுருளாக மெழுகு, தட்டினால் சிறு ஈக்கள் பறக்கின்றன: வெள்ளை ஈ

2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது மாடித் தோட்டத்து வாழை, கொய்யா, சப்போட்டா எல்லாவற்றிலும் இருக்கிறது. இலைக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சுவது, மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுவது, பிறகு வேப்பெண்ணெய். கீழ் இலைகளின் மேல் கரி பூசியது போலப் படிந்திருந்தால், அது பூச்சி சிந்திய திரவத்தில் வளரும் கரும்பூஞ்சணம். ஈரத் துணியால் துடையுங்கள். பெரிய செடி என்றால் லிட்டருக்கு இருபத்தைந்து கிராம் மைதாவைக் காய்ச்சிய பசைநீரைத் தெளித்தால், காய்ந்து பொருக்காக உதிரும்போது பூஞ்சணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

### மாவு பூசியது போல இலையின் மேல், விரலில் பொடி ஒட்டுகிறது: சாம்பல் நோய்

பனிக்காலத்தில் ரோஜாவுக்கு வரும். தொட்டிகளை விலக்கி வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள், இலை நனையாமல் தண்ணீர் ஊற்றுங்கள். நிற்காவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம். வெயில் கடுமையான நாளில் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும்.

## இலை சுருளுகிறது, நெளிகிறது, புள்ளி விழுகிறது

ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நகர்ந்தால் பூச்சி. மெல்ல ஊர்ந்து, விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழுந்தால் சிவப்புச் சிலந்திப் பேன். இலையின் மேல் ஊசியால் குத்தியது போல வெளிர்ப் புள்ளியும் அடியில் மெல்லிய வலையும் இருக்கும். வறண்ட வெயிலில் பெருகுவதால், தினமும் இலைக்கு அடியில் தண்ணீர் அடித்தாலே ஒரு வாரத்தில் பெருமளவு குறையும். ஒல்லியாக நீளமாக ஓடினால் இலைப்பேன். துளிரில் பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாக ஒட்டியிருந்தால் அசுவினி. அதைத் தாள் இல்லாமலே பார்க்கலாம், விரலாலேயே வழித்து எடுக்கலாம்.

கறிவேப்பிலை இலையில் ஓரத்திலிருந்து கடித்த தடம் இருந்தால், இலை மேல் பறவை எச்சம் மாதிரி தெரிவதைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். அது அசையும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகளின் இளம்புழு அது, வளர்ந்தால் பச்சையாகிவிடும். இரண்டு மூன்று இருந்தால் நான் விட்டுவிடுவேன். சின்னச் செடி என்றால் எடுத்துப் பெரிய மரத்தில் விடலாம். எந்தக் காரணத்துக்காகவும் இதற்கு மருந்து அடிக்காதீர்கள்.

கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகள் வேண்டவே வேண்டாம். அது இலைக்குள்ளேயே இறங்கிவிடும், கழுவினால் போகாது. தாளிப்பில் போடும் இலை, குழந்தை கிள்ளி வாயில் போடும் இலை. கடைக்காரர் "ஒரே அடியில போயிடும்மா" என்று எடுத்து நீட்டினாலும் எந்தச் செடிக்கு என்று சொல்லி, வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

## மொட்டு உதிர்கிறது, பூக்கவே இல்லை

குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் விழாத பால்கனியில் மல்லியும் ரோஜாவும் பூக்காது. என்ன உரம் போட்டாலும் இலைதான் வரும். முதலில் இடம் மாற்றுங்கள். செடியை வெட்டிவிட்டு எத்தனை நாளாகிறது என்றும் பாருங்கள். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் அரை மீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் பங்குனியிலிருந்து கொத்துக் கொத்தாக வரும்.

மொட்டு வந்து உதிர்ந்தால், ஒருநாள் காயவிட்டு ஒருநாள் குளிப்பாட்டும் வழக்கம்தான் செம்பருத்தியில் முதல் காரணம். அடுத்த காரணம் இலைப்பேன். மல்லி மொட்டு வெள்ளையாக இல்லாமல் ஊதாவாக மாறினால் பிரித்துப் பாருங்கள். துளையும் எச்சமும் இருந்தால் மொட்டுப்புழு. அடிப்பக்கம் வீங்கி உள்ளே மிகச் சிறிய புழுக்கள் இருந்தால் மொட்டு ஈ. கெட்ட மொட்டுகளை மண்ணில் விழவிடாமல் தினமும் பொறுக்கி அழித்தாலே அடுத்த சுற்று குறையும், ஏனென்றால் மொட்டு ஈயின் புழு மண்ணில்தான் கூட்டுப்புழு ஆகிறது.

துளசி பூத்துக் குச்சியாகி நிற்கிறது என்றால் அது நோய் இல்லை. கதிர் வந்ததும் கிள்ளிவிடுங்கள், பக்கத் துளிர் வரும்.

## ரோஜாக் குச்சி நுனியிலிருந்து கறுத்துக் கீழே இறங்குகிறது

நுனிக்கருகல். தாமதிக்காதீர்கள். கறுப்பு முடியும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே, உள்ளே சுத்தமான பச்சை தெரியும்வரை சாய்வாக வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை டெட்டால் தொட்டுத் துடையுங்கள். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லிப் பசை தடவுங்கள். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே கறுப்பு இறங்கிவிட்டால் செடி தேறாது. அதன் பிறகு கீழிருந்து துளிர்ப்பது காட்டு ரோஜாதான்.

## எப்போது ஆளைத் தேட வேண்டும்

ஒரு செடி போனால் நாமே பார்த்துக்கொள்ளலாம். ஒரே மாதிரி அறிகுறியோடு தொட்டிக்குத் தொட்டி பரவினால், வேரில் முடிச்சு இருந்தால், மூன்று வாரம் வேப்பெண்ணெய் அடித்தும் பூச்சி குறையாவிட்டால், அல்லது கறுத்த தண்டில் துளையும் மரத்தூளும் தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள். நர்சரிக்காரர் பார்த்ததும் பெயர் சொல்லிவிடுவார், ஆனால் அவர் விற்கும் மருந்தையே தீர்வாகச் சொல்வதும் உண்டு. அதனால் நான் முதலில் அனுப்புவது வேளாண் அறிவியல் நிலையத்துக்கு. வேளாண்மை உதவிக்கான கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மண்ணின் உப்பும் கார அமிலத் தன்மையும் தெரிய வேண்டுமானால் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணத்தில் பார்த்துத் தருவார்கள். தொட்டி மண்ணோடு நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள்.

செடியைக் காட்டப் போகும்போது காய்ந்து சருகான இலையை எடுத்துப் போகாதீர்கள், அதில் எதுவும் தெரியாது. பாதி நல்லதாக, பாதி கெட்டதாக இருக்கும் இலைதான் வேண்டும். காலையில் பறித்துக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். வேரில் சந்தேகம் என்றால் வேரோடு ஒட்டிய ஈர மண் இரண்டு கைப்பிடி, பிளாஸ்டிக் கவரில் கட்டி. கடைசியாக என்ன அடித்தீர்கள், என்ன ஊற்றினீர்கள் என்பதைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.